முன் பலகைக்கு அறுபத்தெட்டு கிலோ

முகமது இஸ்மாயில் கட்டிய படகின் இடது விலாவில் கறுப்பு மையில் ஓர் அம்புக்குறி உண்டு. பக்கத்தில் 'இந்தப் பக்கம் மேலே' என்று இங்கிலீஷில் அச்சிட்டிருக்கும். அம்பு நேராகத் தண்ணீரைக் காட்டும். இத்தாலியிலிருந்து தோல் இயந்திரம் வந்த பெட்டியைப் பிரித்தெடுத்த பலகை அது. தலைகீழாகத் தைத்துவிட்டோம் என்று அவர் கவனித்தபோது ஆணியும் அடித்து, பசையும் காய்ந்து, இரண்டு கை வார்னிஷும் ஆகியிருந்தது. "படகு கவுந்தா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பலகையை எடுத்தார்.

அவருக்குப் படகு கட்டத் தெரியாது. கீழக்கரையில் பிறந்தவருக்குத் தெரியாமலா என்று கேட்பவர்கள் உண்டு. அவர் வாப்பா அங்கே குடைக்கடை வைத்திருந்தவர். வேண்டுமானால் இஸ்மாயில் ஒரு குடை செய்வார். இருபத்துநாலு வயதில் கல்கத்தாவுக்குத் தோல் ஏற்றுமதிக் கம்பெனி வேலைக்கு வந்தார். தோலைக் கையால் தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரிக்கிற வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஆட்டின் ஊரையும் பேரையும் சொல்லிவிடுவார் என்று அந்தக் கம்பெனியில் பேச்சு உண்டு. ஊர் வரைக்கும் உண்மை. பேர் சொன்னது ஒரே ஒரு தடவைதான்.

இப்போது வயது அறுபத்திரண்டு. மனைவி இறந்து ஒன்பது வருஷம். மகள் ஷார்ஜாவில். கல்கத்தாவின் தோப்சியாப் பகுதியில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு. கீழே டோட்டோ என்கிற பாட்டரி ரிக்‌ஷாவைப் பழுதுபார்க்கிற கொட்டகை. அந்த மெக்கானிக் நல்ல மனுஷன், கொட்டகையில் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தான். அங்கேதான் ஒன்றரை வருஷமாக, யூடியூபைப் பார்த்துப் பார்த்து, பதினோரு அடிப் படகு ஒன்று வளர்ந்தது. அதில் உட்கார இரண்டு பலகை. பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று.

"சாச்சா, தனியா இருக்கீங்க. ரெண்டு சீட்டு எதுக்கு?" என்று மெக்கானிக் கேட்டான்.

"ஒண்ணு போட்டா படகு கோவிச்சுக்கும்" என்றார் இஸ்மாயில்.

படகு கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொண்டவர் லேக் மார்க்கெட்டில் இருந்தார். பெயர் ஜெய்ராம்.

ஜெய்ராம் வீட்டார் கல்கத்தாவுக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல். தாத்தா ரயில்வே, அப்பா பாங்க். இவர் அதே தோல் கம்பெனியில் எடைப் பிரிவுக்குத் தலைவர். மடியான குடும்பம் என்பதால் வீட்டில் 'எக்ஸ்போர்ட்' என்று மட்டும் சொல்லியிருந்தார். அவருடைய அம்மா கடைசிவரை மகன் தேயிலை ஏற்றுமதி செய்வதாகவே நினைத்துக்கொண்டு, அவர் சட்டையில் வீசிய நாற்றத்துக்கு டார்ஜிலிங்கைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கம்பெனி பான்தலாவில். போகிற வழியில் பேருந்தின் இரு பக்கமும் தண்ணீர். நகரத்துச் சாக்கடை நீரை வாங்கி மீன் வளர்க்கிற பெரிய பெரிய குளங்கள், பேரி என்பார்கள். இருபத்திரண்டு வருஷம் இஸ்மாயிலும் ஜெய்ராமும் அந்தப் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போய்வந்தார்கள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. அதற்கு அவசியமே ஏற்படவில்லை. பேச வேண்டியதையெல்லாம் பேருந்தே கேட்டுக்கொண்டது.

"இஸ்மாயில் பாய், ரிட்டயர் ஆனப்புறம் இதுல ஒரு படகு விடணும்யா" என்பார் ஜெய்ராம், ஜன்னலுக்கு வெளியே பார்த்து.

"யாரு துடுப்புப் போடுறது?"

"நீர்தான். நான் முன்னாடி உக்காந்து வழி சொல்வேன்."

"குளத்துல என்ன வழி, ஜெய்ராம்தா?" வங்காளத்து 'தாதா', அதாவது அண்ணன், இவர் வாயில் 'தா' ஆகியிருந்தது.

"அதுக்குத்தான் ஆள் வேணும்கறேன்."

இது வாரத்துக்கு ஒரு தடவை. இன்னொன்று வருஷத்துக்கு ஒரு தடவை. எடைமேடையைச் சோதித்து முத்திரை குத்த அரசாங்க ஆள் வருகிற நாள். அவர் போனதும் அந்த மேடையில் முதலில் ஏறுவது தோல் அல்ல, ஜெய்ராம். "இன்னிக்கு ஒருநாள்தான் இது பொய் சொல்லாது" என்பார். அடுத்து இஸ்மாயில். செருப்போடு ஏறினால் செல்லுமா செல்லாதா என்று இரண்டு பேருக்கும் வருஷா வருஷம் சண்டை. கடைசியாக ஏறியபோது ஜெய்ராம் எழுபத்தாறு கிலோ. செருப்போடா இல்லாமலா என்பது தீராமலே நின்றுவிட்டது.

நின்றது ஜெய்ராம் ஓய்வு பெற்ற அன்று. மூன்று வருஷம் ஆகிறது. காண்டீனில் விருந்து, ரோஜா மாலை, ஷிங்காரா என்கிற சமோசா, ரசகுல்லா. வங்காளிகள் பேசினார்கள், மேனேஜர் பேசினார். இஸ்மாயிலையும் தள்ளிவிட்டார்கள். அவர் மேடைப்பேச்சே பேசாதவர். வங்காளத்தில் நாலு வார்த்தை தடுமாறிவிட்டுத் தமிழுக்கு வந்தார். அன்றைக்கு அவருக்கு, 'ஜெய்ராம்தா' என்று கூப்பிடுவது போதாது என்று தோன்றியது. இருபத்திரண்டு வருஷத்துக்கு அது சின்னச் சட்டை. அவர் ஊரில், அவர் சனத்தில், கூடப்பிறந்த மூத்தவனைக் கூப்பிடுகிற சொல் ஒன்று இருந்தது. அதைவிடப் பெரிய சொல் அவரிடம் இல்லை.

"இனிமே இவரு எனக்கு ஜெய்ராம்தா இல்ல" என்றார். "இவரு எனக்குக் காக்கா!"

வங்காளிகள் கைதட்டினார்கள். அவர்களுக்குக் காக்கா என்றால் சித்தப்பா. பின் வரிசையில் புதிதாக மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்திருந்த பிள்ளைகள் குபீரென்று சிரித்தார்கள். அவர்களுக்குக் காக்கா என்றால் காக்காதான்.

ஜெய்ராம் நல்ல கறுப்பு. பள்ளிக்கூடத்தில் அந்தப் பேர் வைத்தே அழைக்கப்பட்டவர். போதாக்குறைக்கு, அவருக்கு முன்பு வேலை நீட்டிப்புக் கிடைத்தது மேனேஜரைக் காக்கா பிடித்துத்தான் என்று அந்த வாரம் யாரோ காதில் போட்டிருந்தார்கள். ஒரே சொல் இரண்டு பக்கமும் வெட்டியது. அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்குப் பேருந்தில் வரவில்லை. டாக்ஸியில் போய்விட்டார்.

இஸ்மாயில், அவர் அழுகையை அடக்கமாட்டாமல் போகிறார் என்று நினைத்து நெகிழ்ந்துபோனார். மூன்று நாள் கழித்து எடைப் பிரிவுப் பெண் சத்யப்ரியா எடுத்துச் சொன்னபிறகுதான் விஷயம் விளங்கியது.

போன் செய்தார். எடுக்கவில்லை. லேக் மார்க்கெட்டுக்கே போனார். ஜெய்ராமின் மனைவி கதவைப் பாதி திறந்து, "அவர் தூங்கறார்" என்றாள். காலை பதினோரு மணி. உள்ளே 'தூங்குகிறவர்' செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்து நடப்பது வாசல்வரை கேட்டது.

செய்தி எழுதலாம் என்று உட்கார்ந்தார். என்ன எழுதுவது? 'நான் உங்களைக் காக்கான்னு சொல்லலை' என்றால் மறுபடியும் சொன்னதாகிறது. 'சொன்னேன், ஆனா அந்தக் காக்கா இல்ல' என்றால் இன்னும் மோசம். பதினோரு தடவை எழுதி அழித்தார். பிறகு அவருக்கும் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த மனுஷன், என்னய்யா அப்படிச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. அதோடு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அடுத்த வருஷம் தானும் ஓய்வு பெற்றார். அவருக்கு யாரும் பேரெதுவும் வைக்கவில்லை. ரசகுல்லா மட்டும் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் இஸ்மாயில் வீட்டில் சத்தமே இல்லை. காலையில் தேநீர் இரண்டு கோப்பை வந்துவிடும், கை பழக்கம். இரண்டையும் அவரே குடிப்பார். வாரம் ஒருநாள் பான்தலா பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமலே திரும்புவார். ஜன்னல் சீட்டு காலியாக இருந்தாலும் அதில் உட்காரமாட்டார். அது ஜெய்ராமுடையது. அப்படி ஒரு நாள் திரும்பும்போதுதான் படகு கட்டுவது என்று முடிவு செய்தார்.

படகு முடிந்ததும் மோட்டார் பிரச்சினை வந்தது. துடுப்புப் போட முழங்கால் வலி இடம் கொடுக்காது. டீசல் இயந்திரம் வைத்தால் மீன் ஓடிவிடும் என்று பேரிக் காவல்காரன் நிமாய் தடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போட அனுமதி வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். "சத்தமில்லாத கரெண்டு மோட்டார்னா சரி" என்றான். பாட்டரிக்குக் கவலை இல்லை. டோட்டோ பாட்டரி ஒன்றை மெக்கானிக் தேய்த்துத் துடைத்து வைத்திருந்தான். மோட்டாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவே பாக்கி.

சாந்தினிக் கடைத்தெருப் பக்கம், பம்புசெட்டும் இன்வெர்ட்டரும் விற்கிற பழைய கடை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த கடைக்கார பாபு ஒரு தாளை எடுத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்.

"படகு எத்தனை கிலோ?"

"அறுபத்துநாலு."

"பாட்டரி?"

"முப்பது."

"நீங்க?"

"எழுபது. செருப்பில்லாம."

"எத்தனை பேர் போவீங்க?"

இஸ்மாயில் கடைக்கு வெளியே பார்த்தார். ஒரு ஆள் தலையில் ஆறு மின்விசிறிகளைச் சுமந்துகொண்டு போனான்.

"ஒருத்தர்... ரெண்டு பேர்."

"ஒண்ணா, ரெண்டா? எனக்குப் பரவாயில்லை தாதா. மோட்டாருக்குத் தெரியணும்."

அவர் விளக்கினார். மோட்டார் எவ்வளவு பலமாகத் தள்ளும் என்பதைப் பவுண்டில் சொல்வார்கள். முப்பது, நாற்பது, ஐம்பத்தைந்து என்று மூன்று இருக்கிறது. ஐம்பத்தைந்து, பாட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். ஒற்றை ஆளுக்கு முப்பது தாராளம். இரண்டு பேர், எதிர்க்காற்று, தண்ணீர்த்தாமரைக் கொடி என்றால் நாற்பது. அது மட்டுமில்லை. விசிறி இருக்கிற தண்டு நீளம் என்ன வேண்டும் என்பதும் எடையைப் பொறுத்தது.

"நீங்க, பாட்டரி, மோட்டார் மூணும் பின்னால. முன்னால ஆள் இல்லேன்னா படகு மூக்கைத் தூக்கும், பின்பக்கம் அமுங்கும். உங்க குளமோ இடுப்பளவு. விசிறி சேத்தைக் கடையும். முன்னால ரொம்ப கனமா ஆள் உக்காந்தா, பின்பக்கம் எழும்பி விசிறி காத்தைக் கடையும். அதனால முன்னால உக்கார்றவர் எடை எனக்கு வேணும்."

"பாட்டரிய முன்னால வச்சிட்டா?"

"அந்தப் பக்கம் முப்பது, இந்தப் பக்கம் எழுபது. சின்ன வயசுல ஏற்றம் இறக்கம் பலகை ஆடினது இல்லையா நீங்க? முன்னால யாரு?"

"எழுபத்தாறுன்னு போட்டுக்குங்க" என்றார் இஸ்மாயில். எழுதப் போன பாபுவின் கையை உடனே தடுத்தார். "இல்ல, அது மூணு வருஷத்துக்கு முந்தின எடை. கேட்டுச் சொல்றேன்."

"கேளுங்க. ஒரு போன்தானே!"

ஒரு போன்தான்.

வீட்டுக்கு வந்தால் கீழக்கரையிலிருந்து அவர் ராத்தா, அதாவது அக்கா, கூப்பிட்டாள். ராத்தாவுக்கு எண்பது வயது, பாதிக் காது. என்னடா செய்கிறாய் என்றதற்கு இவர், "நாப்பது பவுண்டு வாங்கலாமான்னு யோசிக்கிறேன் ராத்தா" என்றார்.

அந்தப் பக்கமிருந்து மெதுவாக வந்தது: "நாப்பது பவுனா? பொண்ணு எந்த ஊரு?"

"பவுன் இல்ல ராத்தா, பவுண்டு. படகுக்கு."

"படகுக்கு எதுக்குடா நாப்பது பவுன் போடுறே? கூறு இருக்கா உனக்கு?"

அரைமணி நேரம் போராடியும் முடியவில்லை. மறுநாள் கீழக்கரையில் பாதி ஊர் இஸ்மாயிலுக்கு நிக்காஹ் என்றது, மீதிப் பாதி படகுக்கே நிக்காஹ் என்றது. ஷார்ஜாவிலிருந்து மகள் பதறிப்போய்க் கூப்பிட்டு, "வாப்பா, யாரு அவங்க?" என்று கேட்டாள். ஒரு வார்த்தை எப்படியெல்லாம் காதுக்குள் போய் வேறொன்றாகிறது என்று இஸ்மாயில் அன்றைக்கு வெகுநேரம் யோசித்தார். சொன்னவன் குற்றமா, கேட்டவன் குற்றமா? இரண்டும் இல்லை போலிருக்கிறது. ராத்தாமேல் அவருக்குக் கோபமே வரவில்லையே.

போனை எடுத்தார். இந்தத் தடவை அழிக்காமல் எழுதினார்.

'ஜெய்ராம்தா, உங்கள் எடை இப்போது எவ்வளவு? படகுக்கு மோட்டார் வாங்க வேண்டும். முன் பலகைக்கு.'

அனுப்பிவிட்டார். இரண்டு நீலக் குறி விழுந்தது. படித்தாயிற்று. பதில் இல்லை. அன்று இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மெக்கானிக், "சாச்சா, முப்பதையே வாங்கிடுங்க. தனியாப் போறவருக்கு என்ன?" என்றான். சரி என்று இஸ்மாயில் சட்டையை மாட்டினார். படியிறங்கினார். பேருந்து நிறுத்தம் வரை போனார். சாந்தினிக்குப் போகிற பேருந்து இரண்டு வந்தும் ஏறாமல் திரும்பிவிட்டார். முப்பதை வாங்கினால் பிறகு நாற்பதாக மாற்ற முடியாதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மாற்ற முடியாதது மோட்டார் அல்ல.

நான்காம் நாள் மத்தியானம், சோற்றில் கை வைத்திருக்கையில், போன் கிணுகிணுத்தது.

'68. செருப்பில்லாமல்.'

அடுத்த நிமிஷம் இன்னொன்று: 'எந்தப் படகு?'

இஸ்மாயில் சோற்றுக் கையோடே படத்தை அனுப்பினார். பதில் வந்தது: 'அம்பு தலைகீழ்.'

அன்றைக்கே சாந்தினிக்கு ஓடினார். "அறுபத்தெட்டு!" என்றார், கடையில் நுழையும்போதே. பாபு கூட்டிப் பார்த்து, தூண்டில் சாமானுக்கும் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் சேர்த்து, நாற்பது பவுண்டு மோட்டாரும் முப்பது அங்குலத் தண்டும் என்று முடித்தார்.

படகை இறக்கிய ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்க ஆறு பேர் வந்தார்கள், யோசனை சொல்லப் பதினாலு பேர். நாளைச் செய்தியில் கேட்டு வைத்திருந்த ஜெய்ராம் பேருந்தில் வந்து இறங்கினார். சட்டை தோளில் தொங்கியது. யாரையும் பார்க்காமல் நேராகப் போய், செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, முன் பலகையில் உட்கார்ந்தார். இஸ்மாயில் பின் பலகையில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்பினார். படகு சத்தமில்லாமல், மூக்கைத் தூக்காமல், முட்டாமல், தட்டில் வைத்த தண்ணீர்போல் சமமாகப் போயிற்று.

அரைமணி நேரம் ஜெய்ராம் கையால் மட்டும் இடம் வலம் காட்டினார். குளத்தில் என்ன வழி என்று இஸ்மாயில் கேட்கவில்லை.

அப்போது எங்கிருந்தோ ஒரு காக்கை வந்து படகின் மூக்கில், ஜெய்ராமுக்கு எதிரிலேயே உட்கார்ந்தது. இஸ்மாயிலுக்கு உயிர் போய்விட்டது. துரத்தவும் பயம், சும்மா இருக்கவும் பயம். ஜெய்ராம் அதை நன்றாகப் பார்த்தார்.

"ஓய், உம்ம அண்ணா வந்திருக்கார். சலாம் சொல்லும்."

இஸ்மாயில் கைப்பிடியை விட்டுவிட்டார். படகு ஒரு வட்டம் அடித்தது. "உங்களுக்கு... தெரியுமா?"

"ரெண்டு வருஷமாத் தெரியும். லேக் மார்க்கெட் இட்லிக் கடையில உங்க பக்கத்துப் பையன் ரெண்டு பேர். ஒருத்தன் இன்னொருத்தனைக் காக்கா காக்காங்கறான், அவனும் தலையை ஆட்டிண்டு சட்னி போட்டுக்கறான். என்னப்பா இதுன்னு கேட்டேன்."

"ரெண்டு வருஷமா! ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"எந்த மூஞ்சியை வெச்சுண்டு பண்றது? நீர் கூப்பிட்டா எடுக்கலாம்னுதான் இருந்தேன். நீர் கூப்பிடறதையே நிறுத்திட்டீரே." திரும்பிப் பார்த்து, "வெறும் எடை கேக்கறதுக்கு மூணு வருஷமாய்யா?" என்றார்.

அன்றைக்கு ஒரு கட்லா மீன் தூண்டிலைக் கவ்வி, மோட்டாரை நிறுத்தியபிறகும் படகைக் கரைவரை இழுத்து வந்ததாக நிமாய் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறான். கையில் சிக்கியது உள்ளங்கை அகலத்தில் ஒரு திலாப்பியா. அதையும் ஜெய்ராம் தண்ணீரில் விட்டுவிட்டார்.

கரைக்கு வந்து செருப்பைத் தேடும்போது அவர் சொன்னார், செருப்பைப் பார்த்தபடியே: "பையன் புனேல வீடு வாங்கியிருக்கான். துர்கா பூஜை முடிஞ்சதும் நாங்க அங்கேயே போறோம். உம்மகிட்ட முன்னாடியே சொன்னா சின்ன மோட்டாரா வாங்கிடுவீர்னு சொல்லலை."

பூஜைக்கு முன் இன்னும் மூன்று ஞாயிறு இருந்தது. மூன்றிலும் வந்தார். பிறகு போய்விட்டார்.

அவர் போன அடுத்த ஞாயிறு இஸ்மாயில் தனியாகப் போனார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. விசிறி சேற்றைக் கடைந்து, தண்ணீரைக் கறுப்பாக்கியது. பாபு சொன்னது சொன்னபடி. கரையிலிருந்து நிமாய், "தாதா, முன்னால கனம் வைங்க!" என்று கத்தினான்.

தோப்சியாவில் பழைய இரும்பு எடைபோடுகிற தராசில், இரண்டு சாக்கில் மணல் நிரப்பினார். ஒவ்வொன்றும் முப்பத்துநாலு கிலோ, ஒரு கைப்பிடி கூடாமல் குறையாமல். இரண்டையும் முன் பலகையோடு கயிற்றால் கட்டினார். படகு சமமாயிற்று. நிமாய் அந்தச் சாக்குகளை ஜெய்ராம் பாபு என்றே கூப்பிடுகிறான். மழை வந்தால், "பாபு நனையறார், மூடுங்க" என்கிறான். இஸ்மாயில் தார்ப்பாயை எடுத்து மூடுகிறார். வழிதான் யாரும் காட்டுவதில்லை. குளம் பழைய குளம்தான், ஆனால் எந்தப் பக்கம் திருப்புவது என்று சில சமயம் நடுவில் மோட்டாரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மாதத்தின் முதல் தேதியில் புனேக்கு ஒரு செய்தி போகும். 'எடை?' ஒரு எண் மட்டும் பதிலாக வரும். மருமகள் சமையலில் ஒரு தடவை எழுபது வந்தது. இஸ்மாயில் இரண்டு கிலோ மணல் சேர்த்தார். அடுத்த மாதம் எழுபத்தொன்று. ஒன்று சேர்த்தார். தராசுக்காரன் இந்த ஆளுக்கு மூளை கழன்றுவிட்டது என்று மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறான்.

இந்த மாதம் பதில் இரண்டு நாள் தாமதமாக வந்தது. '66.'

இஸ்மாயில் சாக்கை அவிழ்த்து ஐந்து கிலோ மணலை அள்ளியெடுத்தார். கொட்ட மனம் வரவில்லை. ஒரு துணிப்பையில் கட்டித் தன் பலகைக்கு அடியில், காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து, ஒரு தடவைகூட அழிக்காமல் எழுதினார்:

'ஒழுங்காச் சாப்பிடுறியளா இல்லையா, காக்கா?'